குற்றாலத்துத் தண்ணீர் போய்ச் சேரும் கொற்கைக் கடற்கரை

தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. சாரல் காலத்தில் படகில் போக ஆசைப்படுகிறவர்கள் குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் வெண்ணமடைக் குளத்துக்குத்தான் போகிறார்கள். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் சவாரி முடிந்துவிடும். பேரருவியில் விழும் தண்ணீருக்கோ பயணம் அங்கேதான் தொடங்குகிறது. சிற்றாறாகத் தென்காசியைத் தொட்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் இறங்குகிறது. அந்தக் கழிமுகத்தைச் சுற்றித்தான் பாண்டியரின் பழந்துறைமுகமான கொற்கையும், அதற்குப் பின் எழுந்த காயலும் மண்ணுக்கடியில் கிடக்கின்றன.

பாண்டியர் வரலாற்றின் இரு முனைகளையும் இந்தத் தண்ணீர் இணைக்கிறது. கடலோரம் இருந்த கொற்கை அவர்களுடைய ஆதி நகரங்களில் ஒன்று. மலையோரம் இருக்கும் தென்காசி அவர்களுடைய கடைசித் தலைநகரங்களில் ஒன்று. மதுரை கைவிட்டுப் போன பிறகு தெற்கே ஒதுங்கிய பாண்டியரில் ஒருவரான அரிகேசரி பராக்கிரம பாண்டியன், 1446இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். பிற்காலத்தில் இந்தக் கோயிலைக் காப்பவர்களின் பாதத்தில் விழுந்து வணங்குவதாக அவன் அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஓர் அரசன் இப்படிக் கெஞ்சி எழுதிய கல்வெட்டைத் தமிழகத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். முன்னோர்களின் செல்வத்துக்கு ஊற்றாக இருந்த முத்துக் கடல் அந்தப் பரம்பரையின் பிடியை விட்டு நழுவிய காலம் அது. அடுத்த நூற்றாண்டில், 1530களில், கடலோரத்துப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவம் தழுவியபோது, முத்துக்குளித்துறை முழுக்க வேறு கைக்குப் போயிற்று.

அந்தச் செல்வம் எத்தகையது என்பதற்கு வெளிநாட்டார் சாட்சி உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழியாக வந்துபோன கிரேக்க வணிகர்களின் கையேடான 'பெரிப்ளூஸ்', பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பைப் பற்றிப் பேசுகிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்தெடுத்தார்கள் என்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலிலும் கொற்கை இருக்கிறது. மன்னார் வளைகுடாவுக்கே அந்த ஊரின் பெயரை ஒட்டித்தான் அவர் பெயர் சூட்டினார். சங்கப் பாடல்களில் கொற்கை என்றாலே முத்து. சிலப்பதிகாரத்தில், நெடுஞ்செழியன் இறந்த பின் ஆட்சிக்கு வரும் வெற்றிவேற் செழியன் கொற்கையில் இருந்தவன்.

இன்று கொற்கைக்குப் போகிறவர் கடலைப் பார்க்க முடியாது. வயல், வாழை, குளம், ஒரு வன்னி மரம், வெற்றிவேல் அம்மன் கோயில், அக்கசாலை ஈசுவரர் கோயில் என்று ஊர் அடங்கிவிடுகிறது. கடல் ஏழெட்டுக் கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது.

போகவைத்தது ஆறுதான். மலையிலிருந்து கொண்டுவந்த வண்டலை ஒவ்வொரு வெள்ளத்திலும் வாய்ப்பக்கம் கொட்டிக் கொட்டி, தாமிரபரணி தன் கழிமுகத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போயிற்று. கொற்கைத் துறை தூர்ந்தது. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகச் சொன்னவர் கால்டுவெல். இடையன்குடியில் இருந்துகொண்டு 'திருநெல்வேலி வரலாறு' எழுதி 1881இல் வெளியிட்ட அவர், கொற்கையில் தாமே அகழ்ந்தும் பார்த்தார். கிரேக்கர் சொன்ன துறைமுகம் இதுதான் என்று நிறுவினார். கொற்கை தூர்ந்தபோது அதற்கும் கடலுக்கும் நடுவே, இன்று பழையகாயல் எனப்படும் காயல் எழுந்தது. காயலும் தூர்ந்தபோது புன்னைக்காயல் எழுந்தது. பிறகு வணிகம் தூத்துக்குடிக்குப் போயிற்று. கடல் நகர நகர, ஊரும் அதன் பின்னாலேயே நகர்ந்திருக்கிறது.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1968–69இல் கொற்கையில் அகழாய்வு நடத்தியது. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், சங்கு வளையல் அறுத்த கழிவுகள், செங்கல் கட்டுமானம் எல்லாம் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டு ஒன்றுக்குக் கிடைத்த காலக்கணக்கு கி.மு. 785. அரை நூற்றாண்டு கழித்து 2021இல் மீண்டும் மண்வெட்டி இறங்கியபோது, துளையிட்ட சுடுமண் குழாய்கள் ஒன்பது அடுக்காக ஒன்றின் மேல் ஒன்று பொருத்தப்பட்டு நிற்பதைக் கண்டார்கள். அதே ஆண்டு, கொற்கைக் கடற்பகுதியில் முன்கள ஆய்வு நடத்தப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். கொற்கையின் பாதி நிலத்தடியிலும் பாதி நீரடியிலும் இருக்கலாம் என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கு வெகுநாளாக உண்டு.

காயலின் கதை இன்னும் கண்ணுக்கு நெருக்கமானது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், இந்தக் கரைக்கு வந்தார் மார்க்கோ போலோ. ஹொர்முஸ், ஏடன் முதலிய மேற்கத்தித் துறைகளிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் குதிரைகளோடு காயலில்தான் கரை பிடிக்கின்றன என்று எழுதினார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும் மன்னர்களிடம் மிஞ்சுவது சொற்பமே என்று வியந்தார். குதிரைகளுக்கு இறைச்சி சேர்த்த சோறு போடுகிறார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்று காரணமும் சொன்னார். பாண்டியரின் கஜானாவைக் கரைத்ததில் இந்தக் குதிரை மோகத்துக்குப் பெரிய பங்கு இருந்திருக்க வேண்டும்.

முத்துக்குளிப்பையும் அவர் விவரித்திருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறா அண்டாதபடி மந்திரத்தால் கட்டிப்போடுகிறவருக்கு. அவர் பகலில் கட்டுவார், இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார். இருட்டில் எவரும் திருட்டுத்தனமாக முத்தெடுக்கத் துணியக் கூடாது என்பதற்காக! இந்தக் 'கடல்கட்டி'கள் ஆங்கிலேயர் காலத்திலும் இருந்தார்கள். குளிக்கிற முறையும் பெரிதாக மாறவில்லை. குளியாள் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்குவார். கடலடிப் பாரில் இருக்கும் சிப்பியை வாரிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஆட்டுவார். தோணியில் நிற்கும் துணையாள் மேலே இழுப்பார். இழுக்கிறவர் கவனத்தில்தான் இறங்கினவர் உயிர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961இல்.

படகு ஒன்று அமைந்தால் இந்தக் கரையோரத்தை ஒரே நாளில் கடலிலிருந்து பார்க்கலாம். புன்னைக்காயலில் கிளம்பினால், முதலில் ஆற்றுவாயின் அலையாத்திக் காடு. தமிழில் நூல் அச்சிட்ட ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் வாழ்ந்து 1600இல் இறந்த ஊர் புன்னைக்காயல். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. 'அடியார் வரலாறு' 1586இல் புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது அச்சு வரலாறு எழுதியவர்கள் பலரின் முடிவு. தமிழை அச்சில் ஏற்றிய பெருமையில் இந்தச் சிறு மீனவர் ஊருக்கும் பங்கு உண்டு என்பதைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தெற்கே திரும்பினால் காயல்பட்டினத்து மினாராக்கள், அதன்பின் வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர்க் கோபுரம், குலசேகரன்பட்டினம். கடைசியில் மணப்பாட்டு மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். பழைய குதிரைத் துறைகளின் அருகே, குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

கிழக்கே இருப்பவை இவை. கொற்கையும் பழையகாயலும் மேற்கே, உப்பளங்களுக்கும் வாழைத்தோட்டங்களுக்கும் பின்னால். கரையிலிருந்து எந்தப் படகும் அங்கே போகாது. அதனால் இந்தப் பயணத்தில் பாதியைத் தரையில்தான் முடிக்க வேண்டும். மாமல்லபுரத்தில் கல் நிற்கிறது, பார்க்கிறவர் தானே புரிந்துகொள்கிறார். இங்கே நிற்பது ஒன்றுமில்லை. யாராவது சொல்ல வேண்டும். குழிகளை அகழ்ந்து மூடிவிட்ட இடங்களில் ஒரு விளக்கப் பலகை, பழைய கடற்கரைக்கோட்டைக் காட்டும் ஒரு வரைபடம், உள்ளூர்ப் பரதவரே ஓட்டிச் சொல்லும் படகுச் சவாரி – இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும்.

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் ஊர் திரும்பும் முன் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். தென்காசியிலிருந்து திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாகக் காரில் போனால் காலையிலேயே கொற்கையில் இருக்கலாம். மதியத்துக்குள் புன்னைக்காயல் சேர்ந்துவிடலாம்.