தாலிப் பொன்னும் கூலிப் பணமும்

சேலம் - கொச்சி நெடுஞ்சாலையும் திருப்பூர் - கோபி சாலையும் சந்திக்கும் பெருமாநல்லூரில், காலை வேளைகளில் பின்னலாடை ஆலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் காணலாம். ஆனால் இவ்வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் விடுதிக்குள்ளேயே தங்கி உழைத்த இளம் பெண்களை ஊரார் கண்டது அரிது. திருமணத்தைக் காட்டியே அவர்கள் அழைத்து வரப்பட்டனர். அதே காலத்தில் அரசும் திருமணத்தின் பெயரால் ஏழைப் பெண்களுக்குப் பணம் வழங்கிவந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குடும்ப வாழ்வில் அரசின் இடம் எது என்னும் பழைய வினாவுக்கு ஒரு விடை தென்படுகிறது.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் 1989ஆம் ஆண்டில் தமிழக அரசு திருமண உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. உதவித் தொகை 5,000 ரூபாய். பெண் ஓரளவேனும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணத்தைக் காட்டிலும் இந்நிபந்தனையே பெரிது என்பது என் கருத்து. மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த எண்ணிய தந்தையைச் சற்றே தயங்க வைத்தது அது. 2011இல் தொகையோடு தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராமாக, அதாவது ஒரு சவரனாக உயர்ந்தது. (நம்மவரும் சிலுவையோ புறாவோ பொறித்த தாலியைக் கட்டுபவர்களே.) 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணையைச் சட்டத்தால் தடுத்த நாட்டில், மணமகளுக்கான பொன்னை ஒரு மாநில அரசே அளிக்க வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆலைகளின் திட்டம் வேறு வகையானது. சுமங்கலித் திட்டம் என்றும், திருமகள் திருமணத் திட்டம் என்றும், மாங்கல்யத் திட்டம் என்றும் அதற்குப் பெயர்கள் பல. தென் மாவட்டங்களின் வறண்ட சிற்றூர்களுக்குத் தரகர்கள் சென்றார்கள். பெண் மூன்று ஆண்டு ஆலையில் உழைத்தால், இறுதியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், திருமணத்திற்கு ஆகும் என்றார்கள். மகளின் சீருக்கு வழி தெரியாத பெற்றோர் சம்மதித்தார்கள். பெண்ணைப் பயிலுநர் என்று பதிவு செய்து நாட்கூலியைக் குறைத்தார்கள். நோயாலோ வேலைப் பளுவாலோ இடையில் வெளியேறியவர்கள் பலருக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை. வெளியே செல்லவும், வீட்டாரோடு பேசவும் கட்டுப்பாடுகள் இருந்தன. அந்தத் தொகை ஆலை தந்த அன்பளிப்பு அன்று. அப்பெண்ணுக்கு மாதந்தோறும் சேர வேண்டிய கூலியிலிருந்து பிடித்துவைத்ததே அது. ஊதியக் காலம் ஒரு மாதத்திற்கு மேற்படலாகாது என்று 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் கூறியிருந்தது. சட்டம் இருந்தும், விடுதிக் கதவைத் தட்டும் துணிவு ஆய்வாளர்களிடம் போதவில்லை. 2011இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகளின் அறிக்கை வெளிவந்து, ஐரோப்பியக் கடைகளிலேயே கேள்வி எழுந்த பின்னரே இச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலை இங்கே நினைவுகூரலாம். குடும்பம் அரசுக்கும் முந்தியது, ஆகவே அரசு தன் விருப்பம் போல் வீட்டிற்குள் புகலாகாது என்கிறது அது. அதே மடல், உழைப்பவரின் கூலியைப் பறிப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று யாக்கோபின் திருமுகத்தைச் சுட்டி உரைக்கிறது. நாம் பெரும்பாலும் முதற் கருத்தையே பேசுகிறோம். மகளின் மணத்தை முடிவு செய்வது குடும்பத்தின் உரிமை என்று அரசு ஒதுங்கி நிற்கலாம், நிற்கவும் வேண்டும். ஆனால் அவளுடைய கூலி மூன்று ஆண்டு பூட்டிவைக்கப்படும்போது ஒதுங்கி நின்றால், அம்மணத்தில் அவளுக்குரிய சுதந்திரமான சம்மதத்தையே கைவிட்டதாகும். கையில் தன் கூலி உள்ள பெண்ணால்தான் வேண்டாத வரனை மறுக்க இயலும்.

2022இல் தமிழக அரசு தாலிப் பொன்னை நிறுத்தி, அம்மையாரின் பெயரிலேயே உயர்கல்வி உறுதித் திட்டத்தை அமைத்தது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 இறுதியில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் அது விரிவடைந்தது. நம் துறவறச் சபைகள் நடத்தும் பள்ளிகள் பலவும் அவற்றுள் அடங்கும். பொன்னை இழந்ததாகச் சில தாய்மார்கள் வருந்தியது இயல்பே.

இன்று திருப்பூர் வட்டார விடுதிகளில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் தங்கியிருக்கிறார்கள். தமிழகப் பள்ளியில் படிக்காத அவர்களுக்கு அந்த ஆயிரம் ரூபாய் இல்லை. அவர்களுடைய மாதக் கூலி முழுமையாகக் கைக்கு வருகிறதா என்று கேட்டறியும் கடமை மட்டும் அரசுக்கு இன்றும் இருக்கிறது.