பார்க் ஒருத்தருடையது, படுக்கை இன்னொருத்தருடையது

இந்த எபிசோடை எங்க ஊர் சுவாமிமலையில இருந்து பேசுறேன்.

போன மாசம் அப்பாவுக்கு ஒரு கம்பெனியில இருந்து போன். "உங்க பழைய வீட்டை முப்பது வருஷத்துக்குக் கொடுங்க. ஹோட்டலாக்கி நாங்களே நடத்துறோம்." அவங்க கணக்கு எனக்குப் புரிஞ்சுது. முருகனைப் பார்க்க இவ்வளவு பேர் வர்றாங்க. அறுபது படி ஏறி, தரிசனம் முடிச்சு, ராத்திரி தங்க கும்பகோணத்துக்குக் கிளம்பிடுறாங்க. அந்த ராத்திரியைப் பிடிச்சு வெச்சா காசு.

"கையெழுத்துப் போடலாமாடா?"ன்னு அப்பா கேட்டார். பதில் தேடிப் போனேன், டிஸ்னிலேண்ட்ல போய் நின்னேன். கோயிலும் தீம் பார்க்கும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. ஆனா கூட்டத்தை இழுக்கிறது ஒரு இடம், தங்க வைக்கிறது வேற ஆள்ங்கிற கணக்கு ரெண்டுக்கும் பொது.

1955 ஜூலையில கலிபோர்னியாவின் அனஹைம்ல டிஸ்னிலேண்ட் திறந்தது. பார்க் கட்டவே வால்ட் டிஸ்னிக்குப் பணம் பத்தலை, ஏபிசி டிவி கம்பெனியிடம் உதவி வாங்கியிருந்தார். ஹோட்டலுக்கு எங்கே போவார்? எண்ணெய்த் தொழில்லயும் டிவி தயாரிப்புலயும் இருந்த ஜாக் ராதர் முன்வந்தார். அக்டோபர்ல 'டிஸ்னிலேண்ட் ஹோட்டல்' திறந்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை ராதருக்கு 99 வருஷம்.

பார்க் வளர வளர ஹோட்டலும் வளர்ந்தது. 1961-ல் பார்க்கின் மோனோரயில் ஹோட்டல் வாசல் வரைக்கும் நீண்டது. அறைகள் ஆயிரத்தைத் தாண்டின. வால்ட் ஹோட்டலைத் திரும்ப வாங்கக் கேட்டார், ராதர் மறுத்துட்டார். வால்ட் 1966-ல் இறந்தார், ராதர் 1984-ல் இறந்தார். கடைசியில் 1988-ல் ராதரின் கம்பெனியையே மொத்தமா வாங்கித்தான் டிஸ்னி அந்த ஹோட்டலை அடைஞ்சது. தன் பெயர் போட்ட ஹோட்டல் கைக்கு வர 33 வருஷம்!

அந்தப் பாடம் புளோரிடாவில் தெரிஞ்சது. அங்கே டிஸ்னி முதல்லயே சுமார் 27,000 ஏக்கர் வாங்கிப் போட்டது. 1971-ல் திறந்தப்போ, முதல் ரெண்டு ஹோட்டல்களைக் கட்டியது யு.எஸ். ஸ்டீல். திறந்த கொஞ்ச நாள்லயே அவங்களை டிஸ்னி விலை கொடுத்து வெளியேத்திடுச்சு. அதுக்காக வெளியாளே வேண்டாம்னு விடலை. 1990-ல் வந்த ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்களைப் பாருங்க. நிலம் டிஸ்னியுடையது, கட்டினது டிஷ்மேன் குழு, நடத்தினது வெஸ்டினும் ஷெரட்டனும். ஒரு ஹோட்டலுக்கு மூணு கை.

நம்ம நாட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்கு. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே பக்கத்துல, கோபோலியில. மன்மோகன் ஷெட்டி 2013-ல் இமேஜிகா பார்க்கைத் திறந்தார். 2015-ல் வாசலுக்குப் பக்கத்துலயே நோவோடெல் வந்தது. இன்னைக்கு 287 அறைகள். கட்டடம் பார்க் கம்பெனியுடையது. பெயரும் நிர்வாகமும் பிரான்ஸின் அக்கோர் கம்பெனியுடையது.

இதுக்கு மேனேஜ்மென்ட் கான்ட்ராக்ட்னு பேர். நம்ம டெல்டா பாஷையில சொல்றேன். குத்தகைன்னா, விளைஞ்சாலும் விளையாட்டாலும் நிலத்துக்காரருக்குப் பேசின நெல் வந்துடணும். வாரம்னா, விளைஞ்சதுல பங்கு. இது ரெண்டுமே இல்லை. மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் மாதிரி. விதை, உரம், கூலி எல்லாம் மிராசுதார் தலையில. காரியஸ்தர் நடத்திக் கொடுத்து தன் பங்கை எடுத்துப்பார். ஹோட்டல்ல பொதுவா மொத்த வருமானத்துல ஒரு சதவீதம், லாபம் வந்தா அதுலயும் ஒரு பங்கு. கட்டடக் கடன் மட்டும் சொந்தக்காரருக்கு.

இமேஜிகா கம்பெனிக்குக் கடன் கட்ட முடியலை. கொரோனா வந்து பார்க்கையும் மூடினாங்க. 2022-ல் கம்பெனி மல்பானி குழுமத்தின் கைக்குப் போனது. ஹோட்டல் வாசல்ல நோவோடெல் பெயர் அப்படியே இருந்தது. முதலாளி மாறினார், காரியஸ்தர் மாறலை.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். அவர் நிலம் பார்க்கிறவர், உடனே பிடிச்சுக்கிட்டார். "சரி, இவங்க குத்தகைதாரரா, காரியஸ்தரா?"

காகிதத்தை மறுபடி படிச்சோம். குத்தகைன்னு தலைப்புல இருந்தது. உள்ளே, ஓடு மாத்துறது, சுவர் பூசுறது, பாத்ரூம் கட்டுறது எல்லாம் எங்க செலவு. அவங்க பங்கு மட்டும் முதல் நாள்ல இருந்து. இன்னொரு வரி: வீட்டு முகப்புல இருக்கிற எங்க தாத்தா பெயரை ஹோட்டலுக்கு வெச்சுக்கும் உரிமையும் அவங்களுக்கே, முப்பது வருஷத்துக்கு.

அப்பா மூணு திருத்தம் எழுதி அனுப்பியிருக்கார். முப்பது இல்லை, அஞ்சு வருஷம். ரிப்பேர் செலவு பாதிப் பாதி. தாத்தா பெயர் கிடையாது, வேற பெயர் வெச்சுக்குங்க.

பதில் இன்னும் வரலை. இந்தக் கார்த்திகைக்கும் திண்ணையில பாய் போட்டு, காசு வாங்காமத்தான் ஆட்களைப் படுக்க வைக்கப் போறோம்.