மறதியும் மறைப்பும்

மூப்பில் அறிவு தடுமாறுவதற்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. ஈழத்தில் ‘அறளை பெயர்தல்’ என்பார்கள். சென்னையிலோ ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரே சொல்லில் நாம் அனைத்தையும் அடக்கிவிடுகிறோம். மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும், பெற்ற மகளையே யாரென்று கேட்பதும் அச்சொல்லுக்குள் ஒன்றாகிவிடுகின்றன. சர்க்கரை அளவையும் இரத்தக் கொதிப்பையும் கோயில் பிராகாரத்தில் நின்று பேசிக்கொள்கிற மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் இந்த ஒரு நோய் மட்டும் வாசலைத் தாண்டுவதில்லை. ஏன்? அதற்கு ஒரு வரலாறு உண்டு, வாசகர்களே.

சென்னையில் மனநோயாளர் காப்பகம் 1794இல் தோன்றியது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. நாளடைவில் அவ்வூர்ப் பெயரே வசைச்சொல்லாயிற்று. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்ற ஏளனத்தைக் கேளாத சென்னைவாசி அரியர். பெரியவர் ஒருவரின் பேச்சு தடம் மாறியதும் வீட்டார் அஞ்சியது நோய்க்கு மட்டுமன்று; இந்தப் பெயருக்கும், வீட்டில் நடந்துகொண்டிருக்கும் திருமணப் பேச்சு நின்றுவிடுமோ என்பதற்கும்தான்.

மருத்துவமும் உடனே துணைக்கு வந்துவிடவில்லை. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1901இல் தம்மிடம் வந்த ஒரு பெண் நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, 1906இல் அதுபற்றி உரை நிகழ்த்தினார். 1910இல் கிரேப்பலின் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். ஆயினும் நடுவயதில் வந்தால் நோய், முதுமையில் வந்தால் மூப்பின் இயல்பு என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. இரண்டும் ஒன்றே என்று 1976இல் அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் கட்ஸ்மன் வாதிட்ட பின்னரே அது தளர்ந்தது. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார்.

மறைப்புக்கு இன்னொரு காரணம் பழி. வாரணாசியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன், 1998இல் வெளியிட்ட நூலில், முதியவரின் புத்தித் தடுமாற்றத்தை ஊர் அக்குடும்பத்தின் குறையாகவே வாசிப்பதைக் காட்டினார். ‘பிள்ளைகள் சரியாகக் கவனிக்கவில்லை’ என்ற ஒரு வாக்கியம் போதாதா? மக்கள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் அது இன்னும் கூர்மையாகத் தைக்கும். அப்பாவை மறைப்பதாக நினைத்துப் பிள்ளைகள் தம்மையே மறைத்துக்கொள்கிறார்கள்.

இந்த மௌனம் புள்ளிவிவரத்திலும் தடம் பதித்துள்ளது. 1998இல் கொச்சியில் உருவான ‘10/66’ ஆய்வுக்குழு, சென்னையையும் வேலூர்ப் பகுதிச் சிற்றூர்களையும் தன் மையங்களில் சேர்த்துக்கொண்டது. 2008இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 65 வயதைக் கடந்தோரிடையே அமெரிக்க மனநல மருத்துவ வரையறையைப் பொருத்திப் பார்த்தபோது இந்தியச் சிற்றூர்களில் 0.3 விழுக்காட்டினர்க்கே இந்நோய் இருந்தது. குழு தானே வகுத்த முறையில் கணக்கிட்டபோதோ எந்த மையத்திலும் அது 5.6 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. பின்தங்கிய இடங்களில் உறவினர்கள் முதியவரின் சரிவைக் குறைத்தே தெரிவித்தார்கள் என்பது ஆய்வாளர் கூறிய காரணங்களுள் ஒன்று.

ஊருக்கு மறைப்பது ஒருபுறம் இருக்கட்டும். நோயாளிக்கே மறைப்பதை என்னென்பது? டப்ளினில் நோயாளிகளின் உறவினர் 100 பேரிடம் கேட்ட ஆய்வொன்று 1996இல் வெளியாயிற்று. நோயாளியிடம் சொல்லக்கூடாது என்றவர்கள் 83 பேர். அதே நோய் தமக்கு வந்தால் தமக்குச் சொல்லவேண்டும் என்றவர்கள் 71 பேர்! ஆக, இது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறையும் நோயின் நிலையை அறியவேண்டியவர்களாக நோயாளி, உறவினர், பொறுப்புள்ள நண்பர் ஆகியோரை ஒரே வரிசையில் வைக்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவரைத் தாண்டிச் செல்வது நமக்கு எளிதாகிவிட்டது.

நன்மை பயக்கும் பொய்யும் வாய்மையே என்று வள்ளுவர் இடமளித்திருக்கிறாரே எனலாம். உண்மைதான். ஆனால் அந்த நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அக்குறளிலேயே உண்டு. நோய் முற்றியபின், மறைந்த மனைவியைத் தேடுகிறவரிடம் அவர் இறந்த செய்தியை நாள்தோறும் சொல்வது கொடுமை. அங்கே மௌனம் அருள். தொடக்க நிலையில் அப்படியன்று. உயில் எழுத 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் தெளிந்த மனத்தைக் கேட்கிறது. பின்னாளில் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வழிசெய்கிறது. இவையெல்லாம் தமக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று அறிந்தவரால் மட்டுமே உரிய காலத்தில் ஆகக்கூடியவை.

1994 நவம்பரில் ரொனால்ட் ரீகன் தம் நோயைத் தம் கைப்படவே எழுதி நாட்டுக்கு அறிவித்தார். அவருடைய அரசியல் நமக்கு ஏற்புடையதா என்பது வேறு. அச்செய்தியைச் சொல்லும் உரிமை அவரிடமே இருந்தது என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் அதை விட்டுவைக்கிறோமா? இந்நோயில் உண்மையைச் சொல்லக் கிடைக்கும் காலம் சிறிது. நாம் தயங்கும் மாதங்களில் அதுவும் கரைகிறது.