அபத்த நாடகம்: 'நல்ல குடும்பம்' ஏன் கேலிக்கு ஆளாகிறது?

படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக்கடன். சரி, அப்புறம்? இதை 1963-லேயே நாடகமாக எழுதிக் கேட்டவர் வங்காளத்தின் பாதல் சர்க்கார்.

'ஏவம் இந்திரஜித்' என்றால் 'மற்றும் இந்திரஜித்'. அமல், விமல், கமல் மூவருக்கும் பெயர்தான் வேறு, வாழ்க்கை ஒன்றுதான். நான்காவது ஆள் தன் பெயரை முதலில் 'நிர்மல்' என்கிறான். தனியாகத் தெரிந்துவிடுவோமோ என்ற பயம். உண்மையில் அவன் இந்திரஜித்.

அபத்த நாடகம் என்றால் என்ன?

கதை நேர்கோட்டில் போகாது. பேசியதையே திரும்பத் திரும்பப் பேசுவார்கள். நாம் இயல்பு என்று நினைப்பது அப்போது விசித்திரமாகத் தெரியும். இந்தப் பெயரைப் பரப்பியது 1961-ல் வந்த மார்ட்டின் எஸ்லினின் நூல்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

அதே ஆண்டு எட்வர்ட் ஆல்பியின் 'தி அமெரிக்கன் டிரீம்' நியூயார்க்கில் மேடையேறியது. அதில் ஒரு தம்பதி, தத்தெடுத்த குழந்தை பிடிக்கவில்லை என்று அதைச் சிதைக்கிறார்கள். அது செத்ததும் காசைத் திருப்பிக் கேட்கிறார்கள். வீட்டுப் பாட்டியும் அவர்களுக்குப் பாரம்தான். ஆல்பியும் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர்.

நமக்கு என்ன?

ஆல்பியின் குடும்பம் கடை மாதிரி, பிடிக்காத பொருளைத் திருப்பித் தரலாம். சர்க்கார் காட்டுவது கியூ, அதிலிருந்து விலக முடியாது. 'அடுத்து எப்போ கல்யாணம்?' என்று வீட்டில் கேட்கும்போது இந்திரஜித் ஞாபகம் வரலாம்.