கண்டி நாட்டு உணவும் இருதய நலமும்

1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பலொன்றின் தலைவரும், அவர்தம் மைந்தரும், மாலுமிகள் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அம்மைந்தரே றொபேட் நொக்ஸ் என்பவர். அப்பொழுது அவருக்கு வயது 19. தந்தையார் அடுத்த ஆண்டே நோயுற்று இறந்தார். மைந்தரோ 1679 வரை கண்டி இராச்சியத்திற் காவலிலிருந்து, பின்பு தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மன்னனின் குணவியல்புகளையும் அரண்மனைச் செய்திகளையும் அறியவே பலரும் அந்நூலை நாடுவர். ஆயினும் அதில் வேறொரு செல்வமும் உண்டு. நொக்ஸ் சிறைக்கூடத்தில் அடைபட்டவரல்லர், ஊர்களில் வாழவிடப்பட்டவர். தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன்கொடுத்தும் பிழைத்தவர். ஈற்றில் உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்தை என்னும் ஊரில் வீடுகட்டி வாழ்ந்தவர். ஆகவே குடியானவன் வீட்டுப் பானையில் வெந்தது யாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் காட்டும் உணவு மிக எளியது. சோறும் உப்பும் வீட்டில் இருந்தால் ஒரு குறையுமில்லையென மக்கள் எண்ணினர். அத்துடன் சிறிது கீரையும், தேசிக்காய்ப் புளியும், மிளகும் சேர்ந்தால் அது நல்லுணவாகும். பிரபுக்களின் வீட்டிலே ஐந்தாறு கறிகள் இருந்தபோதிலும் அவற்றுள் ஊனோ மீனோ ஒன்றிரண்டுக்கு மேற்படாது. அவையும் பெரும்பாலும் குழம்பேயன்றித் துண்டங்களல்ல. நெல் விளையாத மேட்டு நிலங்களிற் குரக்கன் விளைந்தது. அதனை அரைத்து அடைசுட்டு உண்டனர். பலாவோ மக்களுக்குப் பேருதவியான மரம். பிஞ்சிலே கறியாகவும், முற்றியபின் சோற்றுக்கு ஈடாகவும், பழுத்தபின் பழமாகவும் அது பயன்பட்டது. இனிப்பு வேண்டின் கித்துள் மரத்தின் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குதல் வேண்டும். மரமேறி, பாளை சீவி, விறகு தேடி, நெடுநேரம் அடுப்பருகே காத்திருந்து பெறும் இனிப்பை எவரும் நாள்தோறும் கரண்டி கரண்டியாக அள்ளியுண்ணுதல் இயலாது.

இவ்வுணவினை இன்றைய வைத்தியர் ஒருவர் நோக்குவாராயின் இருதய நோயாளருக்குத் தாம் எழுதிக்கொடுக்கும் பட்டியலின் சாயலை அதிற் காண்பார். உரலிற் குத்திய அரிசியிலே தவிடு ஓரளவு எஞ்சி நின்றது. தவிட்டிலும் குரக்கனிலும் கீரையிலும் உள்ள நார்ப்பொருள் கொலெஸ்தரோலின் ஒரு பகுதியை உடல் ஏற்காது வெளியேறச் செய்கின்றது. வல்லாரை, பொன்னாங்காணி முதலிய இலைகளில் உள்ள பொட்டாசியம் உப்பினால் விளையும் தீங்கைத் தணிக்கின்றது.

உப்பைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் தகும். கண்டி இராச்சியம் மலைகளால் அரண் செய்யப்பட்டது. ஆனால் உப்பு மலையில் விளைவதில்லை. புத்தளம், சிலாபம் முதலிய கரையோர உப்பளங்களிலிருந்தே அது வரவேண்டியிருந்தது. சோனக வணிகர் பொதிமாடுகளில் உப்பையும் கருவாட்டையும் ஏற்றி மலைக்குக் கொணர்ந்து, பாக்கை ஏற்றிக்கொண்டு திரும்பினர். தவளம் எனப்பட்ட இப்பொதிமாட்டு வரிசையே மலைநாட்டின் உயிர்நாடி. ஒல்லாந்தர் கரையோரத்தைப் பிடித்தபின் அந்நாடியின்மீது அவர்தம் கை விழுந்தது. 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் அவர்வசமானபொழுது, உப்பெடுக்கும் உரிமையைக் கண்டியார் அவ்வுடன்படிக்கையிலேயே எழுதிப்பெற வேண்டியதாயிற்று. போரும் பேச்சும் நடத்திப் பெறும் பொருளை மக்கள் கிள்ளியே இட்டிருப்பர், அள்ளியிட்டிருத்தல் அரிது. இன்று உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குட்பட்டே போதுமென்கின்றது. மிகுந்த உப்பு உடலில் நீரைத் தேக்கி, இரத்தத்தின் கனவளவைப் பெருக்கி, நாடிகளின் சுவரை இடையறாது அழுத்துகின்றது. பல்லாண்டு அழுத்தத்தின் பின் நாடி தடித்து வன்மையுறுகின்றது. இருதயமோ அதனை எதிர்த்துத் தள்ளித் தள்ளிக் களைக்கின்றது.

உணவோடு உழைப்பும் சேர்த்து எண்ணப்படல் வேண்டும். பகைவர் படை நுழையாதிருத்தற்பொருட்டு மன்னர்கள் பாதைகளை ஒருவர்பின் ஒருவராய்ச் செல்லும் அளவிற்கே விட்டுவைத்தனர். ஆங்காங்கே முட்கடவைகளும் இட்டனர். வண்டி என்பது மலைமேல் இல்லை. நெல்லும் விறகும் நீரும் தோளிலும் தலையிலுமே ஏறின.

இவ்வாறெல்லாம் கூறுவதால் அக்காலம் பொற்காலம் எனக் கொள்ளுதல் பிழையாகும். அம்மையும் காய்ச்சலும் பஞ்சமும் பலரை இளமையிலேயே கொண்டுசென்றன. முடியுரு நாடிகள் அடைபடுவதற்கு ஆண்டுகள் பல வேண்டும். அவ்வாண்டுகள் வாய்க்கப்பெறாதவர்க்கு அந்நோய் ஏது? நொக்ஸ் தமது 79ஆம் வயதளவில், 1720இல் இறந்தாரென்பது உண்மையே. ஆயினும் ஒருவரின் ஆயுளைக் கொண்டு கண்டிச் சோற்றுக்கு நற்சான்று எழுதிவிடல் இயலாது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆளுநர் பாண்ஸ் காலத்திலே கடுகண்ணாவைக் கணவாயூடாகக் கொழும்பு வீதி ஏறிற்று. 1867இல் புகைவண்டி கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரண்டும் மலைநாட்டின் உணவை மாற்றின. அரிசியும் சீனியும் கருவாடும் புகைவண்டியேறி வந்தன. கோப்பிக் காலந்தொட்டே தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை கடந்து கால்நடையாய் வந்த தொழிலாளரின் வாழ்வு தோட்டம் அளந்துகொடுத்த இறக்குமதி அரிசியோடு பிணைக்கப்பட்டது. ஊரிலே கம்பும் கேழ்வரகும் தின்று வளர்ந்தவர்க்கு வெள்ளரிசி முன்னேற்றமாகவே தோன்றியது. லயன் வீடுகளின் முன்னால் கீரைப்பாத்திக்குக் கிடைத்த நிலமோ சிறிது.

1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீடு வந்தது, அதனோடு கோதுமை மாவும் வந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. நகரிலே பாணாகவும், தோட்டத்திலே ரொட்டியாகவும் அது நிலைபெற்றது. ரொட்டிக்கு வேண்டியவை காரமும் உப்பும் மிகுந்த சம்பலும், சீனி கரைத்த தேநீருமே. விடியற்காலையில் மலையேறும் தொழிலாளிக்கு விரைவிற் சமைக்கத்தக்கதும் வயிற்றில் நெடுநேரம் நிற்பதும் இதுவே. அவரைக் குறைகூறுவோர் அவர்தம் கூலியையும் நேரத்தையும் முதலிற் கணக்கிடல் வேண்டும். தவளத்தில் அரும்பொருளாய் வந்த உப்பும் கருவாடும் ஏழையின் மலிவான கறியாயின. மரமேறிப் பெற்ற இனிப்போ கடைச் சீனியாயிற்று.

1946ஆம் ஆண்டளவில் மலேரியாவுக்கெதிராக டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றில் 20 அளவிலிருந்த இறப்பு மறு ஆண்டே 14 அளவிற்கு வீழ்ந்தது. மருந்தும் வைத்தியசாலைகளும் சேர்ந்து ஆயுளை நீட்டின. நீண்ட ஆயுளும், புதிய உணவும், புகையிலையும், பேருந்தும் ஒன்றுகூடியபோதே இருதய நோய் இந்நாட்டின் முதன்மையான கொலைஞனாக வளர்ந்தது.

தேங்காயைப் பற்றிய வழக்கு இன்னும் ஓயவில்லை. தேங்காயெண்ணெயின் கொழுப்பு தீய கொலெஸ்தரோலை உயர்த்துமென்பது ஆய்வுகளாற் பெறப்பட்டது. நல்லதெனப்படும் வகையையும் அது உயர்த்துமாதலின் அதற்காக வாதிடுவோரும் உளர். ஆயினும் கீரைக்குட் பிழிந்த பாலையும், பொரித்துப் பொரித்துக் கருகிய எண்ணெயையும் ஒரே குற்றக்கூண்டில் நிறுத்துதல் நீதியன்று.

இனி, குளிகைகள். மீனெண்ணெய்க் குளிகையும் விற்றமின் குளிகையும் கண்டி மருந்துக்கடைகளிலும் அடுக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவிலே 25,000க்கு மேற்பட்டோரைச் சுமார் ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு, நலமுள்ளோருக்கு நாள்தோறும் மீனெண்ணெய் கொடுத்தமையால் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்தத் தொகை குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லையெனக் கண்டது. விற்றமின் ஈ பற்றி 2000இல் வெளிவந்த பேராய்வின் முடிபும் நம்பிக்கையளிப்பதன்று. கறுவாக் குளிகையின் கதை இன்னும் சுவையானது. ஒல்லாந்தர் எந்தப் பட்டைக்காகக் கண்டி மன்னனின் காடுகளுள் நுழைய இசைவு வேண்டி நின்றனரோ, அதே பட்டை இன்று இருதயக் காப்பென்று புட்டியில் விற்பனையாகின்றது. அதனை மெய்ப்பிக்கும் உறுதியான சான்று இல்லை. அதுவன்றி, பிற நாடுகளில் கறுவாவென விற்கப்படுவது பெரும்பாலும் கசியா என்னும் வேறு பட்டை. அதிலுள்ள குமரின் என்னும் பொருள் மிகுந்தால் ஈரலுக்குத் தீங்கு செய்யும். இலங்கைக் கறுவாவில் அது மிகச் சிறிதே. கறிக்கு மணமூட்ட அது போதும்.

2016ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் இனிப்புப் பானப் புட்டிகளின்மீது நிறப் பொட்டிடுமாறு பணித்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனியிருப்பின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டதற்குச் செம்மஞ்சள். எழுத்தறியாதாரும் நிறத்தை அறிவராதலின் இது நல்ல ஏற்பாடே. சம்பலுக்கு மட்டும் பொட்டிடுவார் இல்லை.

கண்டி நகரின் நடுவே, முன்னர் வயலாயிருந்த தாழ்நிலத்தை மறித்து, இறுதி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் அமைத்த வாவி 1812இல் நிறைவுற்றது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் மண்சுமந்த குடிகள் அதனை விரும்பிச் செய்தவரல்லர். பிரதானிகளும் மனம் புழுங்கினர். அவ்வாவியின் கரைப்பாதை சுமார் மூன்று கிலோமீற்றர். இப்பொழுது விடியற்காலையிலே வெண்ணிறச் சப்பாத்தணிந்து, வைத்தியர் சொன்னபடி கைவீசி, அதனை ஒருமுறையும் இருமுறையும் சுற்றிவருவோர் பலர். ஏறக்குறைய அதே வேளையில் அம்பிட்டியவிலும் கலகாவிலும் தேயிலைச் சரிவுகளில் ஏறத்தொடங்கும் பெண்களுக்கு நடைக்குக் குறைவில்லை. அவர்களுக்கு வேண்டியது கீரைப்பாத்திக்குக் கொஞ்சம் நிலம்.