விறைப்புக் குறைபாடு: அறுவை சிகிச்சைக்கு முன் அறிய வேண்டியவை

சுவா சூ காங் பலதுறை மருந்தகத்துக்கு நீரிழிவுப் பரிசோதனைக்குச் செல்லும் ஆண்கள் கண், கால், சிறுநீரகம் பற்றி மருத்துவரிடம் கேட்கிறார்கள். விறைப்புக் குறைபாடு பற்றிக் கேட்கப் பலருக்கும் வாய் வருவதில்லை.

நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், புரோஸ்டேட் அறுவை சிகிச்சை ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். ஆண்குறியின் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை என்பதால் பாதிப்பு அங்கு முதலில் தெரியலாம். ஆகவே, இது வரவிருக்கும் இதய நோயின் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும்.

முதல் படி மாத்திரை

பெரும்பாலோருக்குச் சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகளே முதல் சிகிச்சை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்வோர் அவற்றைத் தொடவே கூடாது. மாத்திரை பலன் தராவிட்டால் வெற்றிடக் கருவி, ஊசி ஆகியவை அடுத்த படிகள்.

வெட்கத்தால் கள்ளச் சந்தையில் மாத்திரை வாங்குவது உயிருக்கே ஆபத்து. 2008ஆம் ஆண்டு ஜனவரி முதல் மே வரை, நீரிழிவு இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை கடுமையாகக் குறைந்து சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். நால்வர் மாண்டனர். சட்டவிரோத பாலியல் ஊக்க மருந்துகளில் கலந்திருந்த நீரிழிவு மருந்தே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

இரு வகைச் சாதனங்கள்

மற்றவை கைகொடுக்காதபோதுதான் உட்பொருத்தும் சாதனம் பற்றிப் பேசப்படும். வளைக்கக்கூடிய தண்டு எளிமையானது. ஆனால் உறுப்பு எப்போதும் விறைப்பாகவே இருக்கும். மற்றொன்று, 1973ல் அமெரிக்க மருத்துவர் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் அறிமுகப்படுத்திய, நீர் நிரப்பும் சாதனம். விதைப்பையில் உள்ள பம்பை அழுத்தினால் உப்புநீர் நிரம்பி விறைப்பு ஏற்படும். தேவை முடிந்ததும் தளர்த்தலாம். இது இயற்கைக்கு நெருக்கமானது. ஆனால், விலை அதிகம், பழுதாகவும் வாய்ப்புண்டு.

சாதனம் விறைப்பை மட்டுமே தரும். ஆசையையோ உறுப்பின் நீளத்தையோ கூட்டாது. உணர்வும் உச்சமும் பொதுவாக முன்போலவே இருக்கும். தாம்பத்திய உறவுக்குச் சுமார் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

திரும்ப முடியாத வழி

பொருத்தும்போது இயற்கையான விறைப்புத் திசு சேதமடைகிறது. பின்னர் சாதனத்தை அகற்றினாலும் பழைய நிலை திரும்பாது; மாத்திரையும் பலன் தராமல் போகலாம். கிருமித்தொற்று ஏற்பட்டால் சாதனத்தை எடுக்க நேரிடும். ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். பல சாதனங்கள் பத்தாண்டு அல்லது அதற்கும் மேல் உழைக்கும். ஆயினும் மறு அறுவைக்குத் தயாராக இருப்பது நல்லது.

ரத்தக் குழாயைச் சீரமைக்கும் அறுவை, இடுப்பில் அடிபட்ட இளையர் சிலருக்கு மட்டுமே ஏற்றது.

கேட்க வேண்டியவை

மற்ற சிகிச்சைகளை முறையாக முயன்றாயிற்றா? இந்த அறுவையில் மருத்துவரின் அனுபவம் என்ன? சாதனம், மருத்துவமனைக் கட்டணம், மறு அறுவை எல்லாம் சேர்த்துச் செலவு எவ்வளவு? காப்புறுதி எதை ஏற்கும்? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகே கையெழுத்திடுவது நல்லது. மனைவியையும் ஆலோசனைக்கு அழைத்துச் செல்லலாம். முடிவு இருவரின் வாழ்க்கையைப் பற்றியது.

பலதுறை மருந்தக மருத்துவர் தரும் பரிந்துரைக் கடிதத்துடன் அரசு மருத்துவமனைச் சிறுநீரியல் நிபுணரைச் சந்தித்தால், தகுதியுள்ளோருக்கு மானியக் கட்டணம் உண்டு. அடுத்த நீரிழிவுப் பரிசோதனையின்போதே பேச்சைத் தொடங்கலாம்.