துறைமுகப் பதிவேடும் உள்ளூர் வேலையும்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் "உள்ளூர்க்காரனுக்கே வேலை கொடு" என்ற குரல் புதிதல்ல. சுற்றிலும் துறைமுகம், அனல்மின் நிலையம், வாகனத் தொழிற்சாலைகள். அந்த வேலைகள் வாசலில் இருப்பவருக்குக் கிடைக்கச் சட்டங்கள் என்ன செய்தன?

1959-ல் வந்த சட்டம், காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கச் சொன்னது. ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அதே சட்டம் சொல்லிவிட்டது! தெரிவிக்காவிட்டால் முதல் முறை அபராதம் 500 ரூபாய் வரைதான் இருந்தது. யார் பயந்திருப்பார்கள்?

அடுத்தது 1961-ன் அப்ரண்டிஸ் சட்டம். பயிற்சியும் உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்கும் கடமை இல்லை என்று 2014-ம் ஆண்டுத் திருத்தம் வரை 22-வது பிரிவு சொன்னது. மற்றத் தகுதிகள் சமமானால் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓர் ஆறுதல். நேரடியாக "உள்ளூர்" என்று எழுதினாலும் சிக்கல்தான். தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூருக்கு என்ற ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆனால் சென்னைத் துறைமுகத்தில் ஒரு சட்டம் வேறு மாதிரி வேலை செய்தது. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி; மேஸ்திரி கை காட்டியவனுக்கே வேலை. இதை மாற்ற வேண்டும் என்று 1931-லேயே ராயல் தொழிலாளர் கமிஷன் கூறியிருந்தது. 1948-ல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்கீழ் சென்னைக்கான 1956-ம் ஆண்டுத் திட்டத்தில் தொழிலாளருக்கும் பதிவேடு, முதலாளிக்கும் பதிவேடு. பதிவில்லாத ஆளை முதலாளி தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. கப்பல் இல்லாத நாளிலும் வந்து நின்றவருக்கு ஒரு படி உண்டு. "உள்ளூர்" என்ற சொல்லே இல்லாமல், துறைமுகத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வேலை உறுதியானது. ஆள் எடுக்கும் அதிகாரம் மேஸ்திரியிடமிருந்து வாரியத்துக்கு மாறியதுதான் காரணம். துறைமுகத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்திய எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை 1957-ல் வடசென்னையின் எம்.பி. ஆனார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பிறகு கன்டெய்னர்களும் கிரேன்களும் வந்தன. 1997-ல் வந்த இன்னொரு சட்டம் இந்த வாரியங்களைத் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்க வழி செய்தது. ஏற்கெனவே பதிவானவர்களின் உரிமைகள் காக்கப்பட்டன. அவர்களின் பிள்ளைகளுக்குப் பதிவேடு இல்லை. 2001-ல் எண்ணூரில் புதிய துறைமுகம் ஒரு கம்பெனியாகவே தொடங்கியது. அங்கே நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போனது.